தொட்டுப் பார்க்கும் வேலை

அன்று காலை ஒன்பது மணிக்குப் பனிநீக்க வண்டிகள் நிற்கும் கொட்டகையின் பின்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஐமோ கல்லுன்கி, வயது அறுபத்தொன்று, வண்டியின் கூடையில் ஏறி விமானத்தின் இறக்கையைத் தொட்டுப் பார்த்துப் பனியை உருக்கும் மருந்து அடிப்பவர். தெர்ஹி, அந்த வண்டியின் ஓட்டுநர். பெர்ட்டு, இவர்கள் இருவருக்கும் மேலே ஷிப்ட் பொறுப்பாளன். நான்காவது ஆள் மிர்வா ஹோல்ம், விமானப் பாதுகாப்பு ஆணையத்தின் ஆய்வாளர், ஹெல்சின்கியிலிருந்து முதல் விமானத்தில் வந்து இறங்கியவர்.

மேசைமேல் ஒரு கோப்பு இருந்தது. நூற்று நாற்பது பக்கம். போன குளிர்காலம் வரை இந்த வேலையில் சரி தப்பு பார்த்தது விமானக் கம்பெனிகள்தான். இந்த அக்டோபரிலிருந்து அரசாங்கம் நேராக வந்து பார்க்கிறது. மருந்துக்குச் சான்றிதழ், அடிப்பவனுக்குச் சான்றிதழ், தொட்டுப் பார்ப்பவனுக்குத் தனிச் சான்றிதழ். சான்றிதழ் இல்லாதவன் இறக்கைக்குப் பக்கத்தில் போகக்கூடாது. சான்றிதழ்க்காரன் இல்லாத ஷிப்ட் ஓடக்கூடாது.

"மருந்தோட சூடு?" என்று கேட்டார் மிர்வா.

"தொட்டியில அறுபத்தெட்டு. காலைல ஆறு மணிக்கு எடுத்தது. கையெழுத்து இருக்கு," என்றான் பெர்ட்டு.

"அடர்த்தி பாத்துக் காட்டுங்க."

ஒரு சொட்டு மருந்தைக் கண்ணாடிச் சில்லில் விட்டு, சின்னக் குழாய் போன்ற கருவியைக் கண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும். சொட்டை விடும் குழலைப் பிடிப்பது இரண்டு விரல் வேலை. ஐமோ எழுந்திருப்பதற்குள் தெர்ஹி எடுத்துவிட்டாள்.

"நான் விடறேன். இவருக்குக் கண்ணாடி போட்டாதான் தெரியும், கண்ணாடிய எங்க வச்சோம்னு தேடறதுக்கே ஒரு கண்ணாடி வேணும்."

மிர்வா சிரிக்கவில்லை. கருவியை வாங்கிப் பார்த்தார். எண்ணை எழுதிக்கொண்டார். சரியாகத்தான் இருந்தது.

ஐமோ காப்பிக் கோப்பையை எடுத்தார். எடுக்கும்போது கண்ணை அதன் பிடியிலேயே வைத்திருந்தார். பார்க்காமல் எடுத்தால் பிடித்திருக்கிறோமா, விட்டுவிட்டோமா என்பது அவருக்குத் தெரியாது.

"இந்த ஷிப்ட்ல தொட்டுப் பாக்கறது யாரு?"

"ஐமோ."

"அவரத் தவிர?"

"அவர்தான்," என்றான் பெர்ட்டு.

"உடம்பு சரியில்லாம போனா?"

"உடம்பு சரியில்லாம போறதுக்கு அவருக்குக் கம்பெனி இன்னும் அனுமதி குடுக்கல," என்றாள் தெர்ஹி. பெர்ட்டு அவளைப் பார்த்தான். அவள் சர்க்கரை டப்பாவைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிர்வா கோப்பில் ஒரு பக்கத்தைத் திருப்பி ஐமோவின் பக்கம் நகர்த்தினார். "எப்படிப் பாப்பீங்கன்னு உங்க வாயால சொல்லுங்க."

"கையுறையக் கழட்டணும். வெறுங்கை. இறக்கை உடம்போட சேர்ற இடத்துல ஆரம்பிக்கணும். முன்விளிம்பு பூரா. அப்புறம் மேல்பக்கம், எண்ணெய்த் தொட்டி இருக்கற இடம். விரல் நுனியால தடவணும். பிடிக்குதா, வழுக்குதான்னு பாக்கணும். பிடிச்சா தகடு. வழுக்குனா பனி."

"கண்ணால பாத்தா போதாதா?"

"கண்ணாடிப் பனி கண்ணுக்குத் தெரியாது. ஈரம் மாதிரி இருக்கும்."

"சரி," என்றார் மிர்வா. "அடுத்த விமானத்துல உங்ககூட நானும் ஏறறேன்."

* * *

கையுறைதான் முதலில் போனது. மருந்து எழுபது டிகிரிச் சூட்டில் குழலிலிருந்து பீய்ச்சும். காற்று திரும்பினால் அடிப்பவன் மேலேயே வரும். கையுறையின் தையல் இரண்டாவது மாதத்தில் விட்டுப்போகும். உள்ளே சூடாக இறங்குகிற மருந்து ஐந்து நிமிடத்தில் ஐஸ்போலக் குளிர்ந்துவிடும். அந்த ஈரத்துக்குள் விரல்களை வைத்துக்கொண்டு பத்து மணி நேரம். புதுக் கையுறை வேண்டும் என்று ஐமோ ஷிப்ட் நோட்டில் மூன்று தரம் எழுதினார். இரண்டு வருஷத்துக்கு முந்திய குளிர்காலத்தில் விரல் நுனிகள் வெளுத்தன, வலித்தன. மார்ச் மாதம் வலி நின்றது. வலி நின்றதும் சரியாகிவிட்டது என்று நினைத்தார். வீட்டில் அடுப்புக் கதவை மூடும்போது தோல் கருகுகிற நாற்றம் வந்து, அது தன் விரல்தான் என்று கண்டபோதுதான் விஷயம் புரிந்தது.

கம்பெனி நர்ஸ் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து கண்ணைப் பார்ப்பாள், காதைப் பார்ப்பாள், ரத்த அழுத்தம் பார்ப்பாள். விரலைப் பற்றி அவள் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. ஐம்பது வயதில் மரமறுக்கும் ஆலை மூடியபோது அவரோடு வெளியே வந்தவர்களில் பாதிப் பேர் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள், அல்லது தேடுவதை விட்டுவிட்டார்கள். ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று குளிர்காலம் பாக்கி. அவர் மனைவி ஹெல்வி முதியோர் இல்லத்துச் சமையலறையில் அரை நாள் வேலை பார்க்கிறாள். ஊருக்கு இருபது கிலோமீட்டர் தள்ளி அவர்களுக்கு இருக்கிற வீட்டை யாரும் வாங்கப் போவதில்லை.

போன டிசம்பரில் ஒருநாள் இறக்கைமேல் குனிந்தபோது தற்செயலாகக் கன்னம் பட்டது. கன்னத்துக்குத் தெரிந்தது. ஈரத் தகடு தோலை மெல்லப் பிடிக்கிறது. பனி பிடிப்பதில்லை, வழுக்கிக்கொண்டு போகிறது. விரல் நன்றாக இருந்த காலத்தில்கூட இவ்வளவு துல்லியமாகத் தெரிந்ததில்லை. அந்தக் குளிர்காலத்தில் மற்ற ஷிப்டுகள் எல்லாம் சேர்ந்து கண்டுபிடித்த கண்ணாடிப் பனியைவிட ஐமோ ஒருவர் கண்டுபிடித்தது அதிகம். ஜனவரியில் அவர் கன்னம் வைத்துப் பார்ப்பதைப் பெர்ட்டு கீழே நின்று பார்த்துவிட்டான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். படம் எடுத்து ஷிப்ட் ஆட்களின் குழுவில் போட்டான். "புதுமணத் தம்பதி" என்று கீழே எழுதினான். தெர்ஹி மூன்று நாள் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டாள். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வேலை நடந்தது. அக்டோபரில் புது விதி வந்தபோது குழுவிலிருந்து அந்தப் படத்தைப் பெர்ட்டு அழித்தான்.

* * *

விமானம் ஒன்பது நாற்பதுக்கு வந்தது. இங்கிலாந்திலிருந்து, கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்க்கக் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கான தனி விமானம். வாலை ஒட்டி இரண்டு எஞ்சின். வந்தவர்களை இறக்கிவிட்டு, போன வாரம் வந்தவர்கள் எண்பத்தாறு பேரை ஏற்றிக்கொண்டு பத்து இருபத்தைந்துக்குப் புறப்பட வேண்டும்.

ஐமோ கொட்டகையில் இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது பெர்ட்டு பக்கத்தில் வந்து நின்றான். கொக்கி வளையத்தில் விழுந்ததா என்று ஐமோ குனிந்து கண்ணால் பார்த்துக்கொண்டார்.

"இன்னிக்கு மூஞ்சிய வைக்காத."

ஐமோ பட்டையின் வாரை இழுத்து இறுக்கினார்.

"அந்தம்மா உன் தோளுக்குப் பக்கத்துல நிக்கப்போகுது. கை. கை மட்டும். புரியுதா?"

"கைல தெரியாது பெர்ட்டு."

"தெரியாட்டி என்ன? வெளிய ரெண்டு டிகிரி. மழை தூறுது. பனி எங்கேர்ந்து வரும்?"

"விமானத்துல எண்ணெய் எவ்வளவு மிச்சம்னு கேட்டியா?"

"கேட்டேன்."

"எவ்வளவு?"

பெர்ட்டு வண்டியின் சக்கரத்தைப் பார்த்தான். "பாதிக்கு மேல," என்றான்.

இங்கிலாந்தில் எரிபொருள் மலிவு என்றால் விமானம் திரும்பிப் போவதற்கும் சேர்த்து அங்கேயே நிரப்பிக்கொண்டு வரும். மூன்று மணி நேரம், மைனஸ் ஐம்பது டிகிரி காற்றில் பறந்து வருகிற எரிபொருள், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த இறைச்சி மாதிரி இறக்கைத் தகட்டுக்குள் ஒட்டிக்கொண்டு கிடக்கும். மேலே தூறல் விழும். காற்றில் இரண்டு டிகிரி இருந்தால் என்ன, பத்து டிகிரி இருந்தால் என்ன. விழுந்த தூறல் தகட்டில் பட்டதும் உறைந்து கண்ணாடியாகிவிடும். விமானம் மேலே எழும்பும்போது இறக்கை வளையும், கண்ணாடி உடையும், உடைந்தது நேராகப் பின்னால் இருக்கிற எஞ்சினுக்குள் போகும்.

"பாதிக்கு மேலன்னா இருக்கும்," என்றார் ஐமோ.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நீ கடவுளா?" பெர்ட்டு குரலை இறக்கினான். "சந்தேகம்னா இருக்குன்னு சொல்லிடு. அடிச்சிடலாம்."

"அவங்க தொட்டுப் பாப்பாங்க. நான் இருக்குன்னு சொல்லி இல்லாம போனா?"

"அப்ப இல்லைன்னு சொல்லு."

"சொல்லி, இருந்தா?"

பெர்ட்டு பெருமூச்சு விட்டான். முப்பத்தெட்டு வயது. கண்ணுக்குக் கீழே இரண்டு பைகள். "இங்க பாரு. நீ இன்னிக்குத் தேறலைன்னா இந்த ஷிப்ட்டுக்கு ஆள் இல்ல. ஆள் இல்லாம ஓட்டினேன்னு வச்சுக்க, இந்த விமான நிலையத்துல நம்ம அனுமதியே போயிடும். பதினோரு பேர். மார்ச் வரைக்கும் இவங்கள யாரு கூப்பிட்டு வேலை குடுப்பா, கிறிஸ்துமஸ் தாத்தாவா?"

தெர்ஹி வண்டியின் ஜன்னலை இறக்கினாள். "பேசி முடிச்சாச்சா? அந்தம்மா அங்க மழைல நிக்குது. ஹெல்மெட் மாட்டத் தெரியாம கன்னத்துல வாரு போட்டிருக்கு."

* * *

கூடையில் இரண்டு பேர் நிற்கலாம், நெருக்கித்தான். தெர்ஹி வண்டியை இறக்கைக்கு முன்னால் ஓரடி விட்டு நிறுத்தினாள். கூடை உயர்ந்தது. விமானத்தின் வாலுக்குள், தரையில் நிற்கும்போது மின்சாரத்துக்காக இருக்கிற சின்ன எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் காதுமூடியோடு இருக்கிற ஒலிவாங்கி வழியாகத்தான் பேச முடியும்.

இறக்கை கீழே விரிந்து கிடந்தது. சாம்பல் நிறம், ஈரம், கொட்டகையின் விளக்குகள் அதில் நீளமாகத் தெரிந்தன. எல்லா இடமும் ஒரே மாதிரி ஈரம்.

"ஆரம்பிங்க," என்றார் மிர்வா. அவர் கையில் பிளாஸ்டிக் உறை போட்ட படிவம் இருந்தது.

ஐமோ வலது கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினார். கம்பிக்கு மேலே குனிந்து, இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் கையை வைத்தார். கை இறக்கைமேல் இருப்பதைக் கண் பார்த்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. முன்விளிம்பு முழுக்கத் தடவினார். மேல்பக்கம் தொட்டி இருக்கும் இடத்துக்கு வந்து நான்கு விரலையும் ஊன்றி இழுத்தார். விரல்கள் நகர்ந்தன. பிடித்து நகர்ந்தனவா, வழுக்கி நகர்ந்தனவா என்பது தெரியவில்லை. வேறு யாருடைய கையோ நகர்வதைப் பார்ப்பதுபோல் இருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நகத்துக்கும் தெரியவில்லை. சுரண்டும் சத்தத்தை எஞ்சின் விழுங்கிவிட்டது.

"ஐமோ," என்று காதுக்குள் பெர்ட்டுவின் குரல் வந்தது. "கேப்டன் கேக்கறாரு. இடது இறக்கை எப்படி?"

மிர்வா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பேனா படிவத்தின் மேல் நின்றது.

"சுத்தம்," என்றார் ஐமோ.

"சுத்தம்," என்று பெர்ட்டு யாரிடமோ திருப்பிச் சொன்னான்.

மிர்வா குறித்துக்கொண்டார். "முறையா பண்றீங்க. நேத்து போன ஊர்ல ஒருத்தர் கையுறையோடவே தடவினாரு." வாரைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார். "அடுத்த பக்கம் போகலாம்."

"எறக்கறேன்," என்றாள் தெர்ஹி. கூடை ஒரு குலுக்குக் குலுக்கிக் கீழே போக ஆரம்பித்தது. ஐமோ கையுறையை மாட்டப் பார்த்தார். இரண்டு விரல் ஒரே ஓட்டைக்குள் போய்ச் சிக்கியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இறக்கையின் விளிம்பு அவர் மார்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது, கண்ணுக்கு நேராக வந்தது. விளிம்புக்கு மேலே வரிசையாக ஜன்னல்கள். ஒன்றில் சிவப்புக் குல்லா போட்ட ஒரு பெண் இருக்கையில் சாய்ந்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"தெர்ஹி. நிறுத்து."

கூடை நின்றது.

"என்ன?" என்றார் மிர்வா.

"மேல ஏத்து."

கூடை ஏறவில்லை. பிறகு தெர்ஹி, "ஐமோ, முடிஞ்சு போச்சு. அந்தப் பக்கம் போலாம் வா," என்றாள். அவள் குரலில் விளையாட்டு இல்லை.

"ஏத்து."

"ஏன் நிக்குது?" என்றான் பெர்ட்டு. "இழுவை வண்டி வந்தாச்சு. என்ன நடக்குது அங்க?"

"வண்டிய எடுக்காத தெர்ஹி. நீ இங்க நிக்கற வரைக்கும் விமானம் நகர முடியாது," என்றார் ஐமோ.

கூடை உயர்ந்தது. ஐமோ ஹெல்மெட்டைக் கழற்றிக் காலடியில் வைத்தார். காதுமூடியையும் கழற்றினார். இரைச்சல் தலைக்குள் புகுந்தது. கம்பியின் மேல் வயிற்றை அழுத்திக் குனிந்து, இறக்கைமேல் வலது கன்னத்தை வைத்தார். மருந்தின் பழைய தித்திப்பு உதட்டில் பட்டது. உடம்போடு சேரும் இடத்தில் தகடு தோலைப் பிடித்தது. ஒரு சாண் நகர்ந்தார். பிடித்தது. இன்னும் ஒரு சாண். கன்னம் வழுக்கியது. தொட்டியின் மேல் ஒரு கை நீளத்துக்கு, எண்ணெய் தடவியதுபோல் வழுக்கிக்கொண்டே போனது.

ஜன்னலில் அந்தப் பெண் விழித்துக்கொண்டு, கிழவன் ஒருவன் இறக்கைமேல் முகம் வைத்துப் படுத்திருப்பதைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவனைத் தட்டி எழுப்பிக் காட்டினாள். அவன் போனை எடுத்தான்.

ஐமோ நிமிர்ந்தார். கன்னம் சிவந்து நனைந்திருந்தது. மிர்வா படிவத்தைப் பட்டைக்குள் செருகிவிட்டுத் தன் கையுறையைக் கழற்றினார். ஐமோ காட்டிய இடத்தில் விரலை வைத்தார். உடனே எடுத்தார். மறுபடி வைத்து, நகத்தை ஊன்றித் தள்ளினார். நகத்தடியில் கண்ணாடித்தூள் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது.

"பனி," என்றார் மிர்வா ஒலிவாங்கியில். "இங்க ஆணையத்து ஆய்வாளர் பேசறேன். இடது இறக்கைல கண்ணாடிப் பனி இருக்கு. கேப்டனுக்குச் சொல்லுங்க, புறப்பட வேண்டாம்."

அடித்தார்கள். ஆரஞ்சு நிற மருந்து ஆவியோடு இறக்கைமேல் ஓடியது. பாய்ச்சிய பாய்ச்சலில் தொட்டியின் மேலிருந்து ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கண்ணாடி பெயர்ந்து தரையில் விழுந்து நொறுங்கியது. வலது இறக்கையிலும் இருந்தது. ஐமோ ஒவ்வொரு இடமாகக் கன்னத்தை வைத்து, இல்லை என்று ஆனபிறகே விட்டார். மிர்வா அவர் பின்னாலேயே ஒவ்வொரு இடத்தையும் விரலால் தொட்டுக்கொண்டு வந்தார். விமானம் முப்பத்தோரு நிமிடம் தாமதமாகப் போனது.

* * *

பின்னறையில் அதே நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். காப்பி ஆறிப்போயிருந்தது. யாரும் ஊற்றிக்கொள்ளவில்லை.

"கைய நீட்டுங்க," என்றார் மிர்வா.

ஐமோ இரண்டு கையையும் மேசைமேல் வைத்தார். மிர்வா பேனா முனையால் ஒவ்வொரு விரலாகத் தொட்டார். "தெரியுதா?" "இல்ல." "இது?" "இல்ல." "இது?" கட்டைவிரலில் மட்டும் கொஞ்சம் தெரிந்தது.

"எத்தன நாளா?"

"ரெண்டு குளிர்காலம்."

"ரெண்டு குளிர்காலமா முகத்தாலதான் பாக்கறீங்க."

"ஒண்ணு. போன டிசம்பர்லேர்ந்து."

"அதுக்கு முன்னாடி?"

ஐமோ கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மிர்வா திருப்பிக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க மறுபடியும் மேல ஏறலைன்னா என்ன ஆயிருக்கும்னு எனக்குத் தெரியும்," என்றார். "அதையும் எழுதறேன். ஆனா ஒருத்தர் சுத்தம்னு சொன்னாரு. நானும் அதுக்குக் குறி போட்டேன். அது கேப்டன் வரைக்கும் போயிடுச்சு. அத எழுதாம இருக்க முடியாது."

"எழுதுங்க."

"வெறுங்கைன்னு விதில இருக்கு," என்றாள் தெர்ஹி. "வெறும் மூஞ்சின்னு இல்ல. சரி. ஆனா இவரு மூஞ்சி கண்டுபிடிச்சத உங்க விதி கண்டுபிடிக்கல."

"தெர்ஹி," என்றான் பெர்ட்டு.

மிர்வா அவள் பக்கம் திரும்பவில்லை. "இன்னொண்ணு கேக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க. இது பொறுப்பாளருக்குத் தெரியுமா? கம்பெனில யாருக்காவது தெரியுமா? தெரிஞ்சும் உங்கள ஏத்தியிருந்தாங்கன்னா, விசாரணை முடியற வரைக்கும் இந்த இடத்துல பனிநீக்க வேலை முழுசையும் நான் நிறுத்தணும். அது என் இஷ்டம் இல்ல."

சுவரில் இருந்த சூடேற்றி டிக் டிக் என்றது. பெர்ட்டு எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த ஷிப்ட் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினோரு பெயர். அவன் காது மடல் சிவந்திருந்தது.

தெர்ஹி போனை எடுத்து மடியில் வைத்தாள். மேசைக்கு இந்தப் பக்கமிருந்து ஐமோவுக்கு மட்டும் திரை தெரிந்தது. அவள் கட்டைவிரல் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனது. நவம்பர், செப்டம்பர், கோடைக்கால ஏரி, பிள்ளைகள், மீன், மறுபடி பனி. ஜனவரி. நின்றது. குழுவில் வந்த அன்றே அவள் திரையோடு படமெடுத்து வைத்திருந்தது: இறக்கைமேல் சாய்ந்த ஒரு தலை, கீழே இரண்டு வார்த்தை, மேலே அனுப்பியவன் பெயர்.

அவள் தலையைத் தூக்கி ஐமோவைப் பார்த்தாள்.

அவளுக்கு மூன்று பிள்ளைகள். புருஷன் சுரங்கத்துக்குப் போனவன், போனவன்தான். ஐமோ அவளைப் பார்த்தார், அட்டவணையைப் பார்த்தார். பெர்ட்டுவைப் பார்க்கவில்லை.

"யாருக்கும் தெரியாது," என்றார்.

"வண்டி ஓட்டறவங்களுக்கு?"

"வண்டிக்குள்ளேர்ந்து பாத்தா கூடையோட அடிப்பக்கம்தான் தெரியும்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

பெர்ட்டு மூச்சு விட்டது எல்லோருக்கும் கேட்டது. "எனக்கு இப்பதான் தெரியும்," என்றான். சொன்ன வேகம் கொஞ்சம் அதிகம். மிர்வா அவனை நிமிர்ந்து பார்த்தார். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா, உடல்நலம் பற்றி, கையுறை பற்றி, யாராவது குறை சொல்லி எழுதியது, என்று கேட்டார். பெர்ட்டு ஷிப்ட் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். அக்டோபர் முதல் தேதி ஆரம்பித்த நோட்டு. புது விதிக்குப் புது நோட்டு. மிர்வா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒன்றும் இல்லை.

"பழைய நோட்டு?"

"தலைமை அலுவலகம் எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. வச்சிருக்காங்களா, போட்டுட்டாங்களான்னு தெரியாது."

தெர்ஹியின் போன் திரை அணைந்தது. அவள் அதைக் கால்சட்டைப் பைக்குள் போட்டாள்.

மிர்வா எழுதினார். ஐமோ கையெழுத்துப் போட்டார், பேனாவை முஷ்டிக்குள் பிடித்துக்கொண்டு. தொட்டுப் பார்க்கும் சான்றிதழ் அந்த நிமிடத்திலிருந்து ரத்து. மருந்து அடிக்கும் சான்றிதழும் அதோடு போகும். ஓடுதளப் பக்கம் வருவதற்கான நுழைவு அட்டை வேலைக்காகக் கொடுத்தது. வேலை இல்லை என்றால் அட்டையும் இல்லை.

"கம்பெனில வேற வேலை குடுக்கலாம்," என்றார் மிர்வா கோப்பை மூடிக்கொண்டே. "பெட்டி ஏத்தறது, அந்த மாதிரி."

"பெட்டி ஏத்தறவங்கள வசந்த காலத்துல குறைச்சுட்டாங்க," என்றான் பெர்ட்டு.

மிர்வா எழுந்து நின்றார். ஐமோவிடம் கையை நீட்டினார். ஐமோ குலுக்கினார். எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்று தெரியாமல் லேசாகப் பிடித்து விட்டார்.

மிர்வா போனபிறகு பெர்ட்டு கணினியைத் திறந்தான். "தெர்ஹி, இங்க வா. தொட்டுப் பாக்கற பயிற்சி. எண்பது நிமிஷம், கடைசில இருபது கேள்வி. இப்ப உக்காந்தா ஒண்ணு அம்பது விமானத்துக்குள்ள சான்றிதழ் வந்துடும். நேர்ல தொட்டுக் காட்டறத அந்த விமானத்துலயே அந்தம்மா பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. வண்டிய நான் ஓட்டறேன்."

தெர்ஹி நின்றாள். ஐமோ இடுப்புப் பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கையுறைகளை மேசைமேல் வைத்தார். ஈரம் மேசையில் வட்டமாகப் பரவியது.

"கேள்வி ஏழுக்கும் பன்னெண்டுக்கும் மூணாவது பதில்," என்றார். "ரெண்டுலயும் எல்லாரும் தப்பு பண்ணுவாங்க."

"சும்மா போ ஐமோ," என்றாள் தெர்ஹி. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். திரையில் ஒரு இறக்கையும், அதைத் தடவும் ஒரு கையும் வந்தன. வெள்ளையாக, சுத்தமாக, நகமெல்லாம் வெட்டிய கை.

* * *

அட்டை செத்துப்போனதால் கதவுகளைப் பெர்ட்டுதான் திறக்க வேண்டியிருந்தது. உடைமாற்றும் அறைக்குப் போனார்கள். ஐமோ கம்பெனி உடையைக் கழற்றி மடித்துக் கொடுத்தார். பெர்ட்டு ஒரு தாளில் ஒவ்வொன்றாகக் குறித்தான். மேலுடை ஒன்று. ஹெல்மெட் ஒன்று. காதுமூடி ஒன்று. அட்டை ஒன்று. ஐமோ தன் பழைய ஜாக்கெட்டை மாட்டினார். ஜிப்பைப் போடவில்லை.

பயணிகள் கூடத்துக்குப் பின்னால் நீளமான வழியில் நடந்தார்கள். பெர்ட்டு இரண்டு தரம் ஏதோ சொல்லப் போகிறவன்போல் வாயைத் திறந்தான். கடைசியில், "ஹெல்வி எப்படி இருக்கு?" என்றான்.

"வேலைக்குப் போயிருக்கா."

"நான் கேட்டதாச் சொல்லு."

கடைசிக் கதவு இரும்புக் கதவு. அதற்கு மேலே மஞ்சள் தாளில் ஒட்டியிருந்தார்கள். கதவு முழுசாகப் பூட்டிக்கொண்டதா என்று ஆள் இருந்து உறுதி செய்யாமல் யாரும் நகரக்கூடாது. அதுவும் இந்த அக்டோபரில் வந்ததுதான். பூட்டு கொஞ்ச நாளாகச் சரியில்லை, விழுந்தமாதிரி சத்தம் வரும், விழுந்திருக்காது. வெளிப்பக்கமிருந்து தள்ளிப் பார்த்தால்தான் தெரியும்.

பெர்ட்டு தன் அட்டையைக் காட்டினான். கதவு திறந்தது. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. கார் நிறுத்தும் இடம் பாதி காலி. ஐமோ படியில் இறங்கினார்.

"ஐமோ," என்றான் பெர்ட்டு கதவு மூடுவதற்கு முன்னால். "பூட்டிச்சான்னு அந்தப் பக்கமிருந்து பாத்துச் சொல்லிடு."

கதவு மூடியது. உள்ளே ஏதோ ஒன்று விழுகிற சத்தம் கேட்டது. கண்ணாடித் துவாரத்துக்குப் பின்னால் பெர்ட்டுவின் முகம் காத்துக்கொண்டிருந்தது.

ஐமோ திரும்பி வந்து வலது உள்ளங்கையை இரும்பின் மேல் வைத்துத் தள்ளினார். அசையவில்லை. இன்னொரு தரம், தோளையும் கொடுத்துத் தள்ளினார்.

"பூட்டிடுச்சு," என்றார்.

உள்ளே பெர்ட்டு தலையாட்டி, நேரத்தைத் தாளில் குறித்துக்கொண்டான்.